பொம்மை ரயில் கடைகள் சொல்லும் வியாபாரப் பாடம்

திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவிலும் பழனித் தைப்பூசத்திலும் கடை போடும் வியாபாரிகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பலூன், ஊதல், சொப்புச் சாமான் என்று எத்தனை பரப்பி வைத்தாலும், சாவி கொடுத்த ரயில் ஒன்று வட்டமடித்துக் கொண்டிருக்கும் கடை முன்னால்தான் குழந்தைகள் நகராமல் நிற்கும். குழந்தை நின்றால் தகப்பனும் நிற்பார். தகப்பன் நின்றால் வியாபாரம்.

ஆனால் நம் ஊரில் அந்த ரயில் ஒரு நாள் வியாபாரம். வாங்கிப் போனவர் அடுத்த திருவிழா வரை வரமாட்டார். மேலை நாடுகளிலும் ஜப்பானிலும் இதே ரயிலை வைத்து நெடுங்காலமாகக் கடைகள் நடந்து வந்திருக்கின்றன. பத்து வயதில் ஒரு எஞ்சினும் நாலு பெட்டியும் வாங்கியவர், எழுபது வயதிலும் அதே கடையில் தண்டவாளம், சிக்னல், சிறு ஸ்டேஷன், மரம், ஆணி என்று வாங்கிக் கொண்டே இருப்பார். இது விளையாட்டுச் சாமான் அன்று. அசல் ரயிலைக் கணக்குப் பிசகாமல் சுருக்கிச் செய்த மாதிரி. உலகில் அதிகம் விற்கும் எச்.ஓ. என்ற அளவில் 87 அடி நீளமுள்ள பெட்டி ஓர் அடியாகச் சுருங்கும்.

1875-ஆம் ஆண்டிலேயே திருச்சி – மதுரை ரயில் பாதை வந்து சேர்ந்த ஊர் நம்முடையது. இருந்தாலும் இப்படி ஒரு கடை இங்கே வேரூன்றவில்லை. பிறகு மளிகைக்காரருக்கும் மண்டிக்காரருக்கும் இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வேலை உண்டு. வாடிக்கையாளரை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருந்த கடைகள் உலகில் மிகச் சில. அப்படிப்பட்ட கடைகளே இன்று ஒவ்வொன்றாகக் கதவடைக்கின்றன. சில மட்டும் தாக்குப் பிடிக்கின்றன. எது விழுந்தது, எது நின்றது, ஏன் என்று பார்த்தால் நமக்கும் பயன்படும். அதற்காகவே பேர்பெற்ற சில கடைகளை இங்கே வரிசையாகப் பார்க்கிறோம்.

முகப்பில் வைத்தது விலை போனது

அமெரிக்காவில் பொம்மை ரயில் என்றாலே லயனல் என்பார்கள். ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் 1900-இல் நியூயார்க்கில் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். முதலில் அவர் ரயிலை விற்பதற்காகச் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை.

கடை முகப்புக் கண்ணாடிக்குள் வைத்த சரக்கு அசையாமல் கிடப்பதால் தெருவில் போவோர் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அவருக்குத் தோன்றியது. பாட்டரியில் ஓடும் சிறு மோட்டார் ஒன்றை மூடியில்லாத மரப்பெட்டி வண்டியில் பொருத்தி, வட்டத் தண்டவாளத்தில் ஓடவிட்டார். வண்டியில் சரக்கை வைத்துச் சுற்ற விட்டால் கூட்டம் சேரும் என்பது கணக்கு. 1901-இல் நியூயார்க் கடைக்காரர் ஒருவர் வாங்கி வைத்தார். கூட்டம் சேரத்தான் செய்தது. ஆனால் வந்தவர்கள் வண்டியில் இருந்த சரக்கைக் கேட்கவில்லை. வண்டியையே விலைக்குக் கேட்டார்கள். கடைக்காரர் அதையும் விற்றுவிட்டு, வேறு வேண்டும் என்று கோவனிடம் வந்து நின்றார்.

தாம் விளம்பரச் சாமான் செய்யவில்லை, பொம்மை செய்திருக்கிறோம் என்று கோவன் அப்போதே தெரிந்து கொண்டார். 1950-களில் அமெரிக்காவின் மிகப் பெரிய பொம்மைக் கம்பெனிகளில் ஒன்றாக லயனல் வளர்ந்தது. வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார் என்று காது கொடுத்துக் கேட்ட ஒரு கடைக்காரரிடமிருந்துதான் இவ்வளவும் தொடங்கியது. நாம் விற்க நினைப்பது ஒன்று, அவர் கண் போவது வேறொன்று என்றால், அவர் கண் போன பக்கம் நாமும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

மூட்டை சுமந்த விதவைத் தாய்

ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற சிற்றூரில் 1859-இல் மார்க்லின் என்ற தகரக் கொல்லர், பெண் குழந்தைகள் விளையாடும் சமையல் சொப்புகள் செய்து விற்கத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே, 1866-இல், அவர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி கரோலின் தொழிலை விடவில்லை. சரக்கை எடுத்துக் கொண்டு ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களைப் பார்த்து ஆர்டர் பிடித்தார். பெண்கள் வியாபாரப் பிரதிநிதியாக வெளியூர் போவது அந்த நாட்டிலேயே அரிதாக இருந்த காலம் அது. பிள்ளைகள் தலையெடுக்கும் வரை அந்த அம்மையார் நிறுவனத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

பிள்ளைகள் 1891-இல் லைப்சிக் சந்தைக்கு ஒரு புதிய ஏற்பாட்டோடு போனார்கள். சாவி கொடுத்தால் ஓடும் ரயில்; அதோடு துண்டு துண்டாகச் சேர்த்து நீட்டிக் கொள்ளும் தண்டவாளம். தண்டவாளத்தின் அகலத்துக்கு எண் கொடுத்து அளவுகளை நிர்ணயித்தார்கள். இந்த ஆண்டு ஒரு வட்டம் வாங்கியவர் அடுத்த கிறிஸ்துமஸுக்கு இரண்டு வளைவு வாங்குவார். அதற்கடுத்த ஆண்டு ஒரு பாலம். அளவு மாறாததால் பழையதும் வீணாகாது, புதியதும் பொருந்தும். சொப்பு வீட்டுக்கு ஆண்டுதோறும் ஒரு நாற்காலி, ஒரு கட்டில் என்று சேர்த்து வாங்கும் பழக்கத்தைப் பார்த்து வந்தவர்கள் அதையே ரயிலுக்கும் கொண்டு வந்தார்கள்.

முதல் விற்பனையோடு உறவு முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது என்ற சூத்திரம் இதுதான். நம் மளிகைக் கடையில் கல்யாண லிஸ்ட் வாங்கும்போது இது நமக்கே தெரிந்ததுதான். கல்யாணத்துக்கு வாங்கியவர் வளைகாப்புக்கு வருவார், பிள்ளை பெற்ற மருந்துச் சாமானுக்கு வருவார், காதுகுத்துக்கு வருவார். லிஸ்ட் போட்ட அன்றே பெயரையும் தேதியையும் குறித்து வைக்கும் கடைக்காரர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

மார்க்லினுக்கும் சறுக்கல் வந்தது. சரியாக 150-ஆவது ஆண்டில், 2009 பிப்ரவரியில், கடனைக் கட்ட முடியாமல் நீதிமன்றத்தை நாடியது. செலவைக் குறைத்து, திட்டத்தைத் திருத்தி மீண்டு எழுந்தது. 2013-இல் வேறொரு ஜெர்மானியப் பொம்மைக் குடும்பத்தார் வாங்கிக் கொண்டார்கள். இன்றும் கோப்பிங்கனில் அந்தப் பெயர் நிற்கிறது.

தபாலில் நடந்த கடை

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் நகரில் பாய்லர் பட்டறை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த பாசெட் லோக் என்ற இளைஞர், 1899-இல் மாதிரி எஞ்சின் பாகங்களைத் தபால் மூலம் விற்கும் வியாபாரம் தொடங்கினார். படமும் விலையும் அச்சிட்ட புத்தகத்தை அனுப்புவார். வேண்டியதைக் குறித்துப் பணம் அனுப்பினால் பார்சல் வீடு தேடி வரும். நம் நாட்டில் ஒரு காலத்தில் வி.பி.பி. மூலம் கைக்கடிகாரமும் பஞ்சாங்கமும் தருவித்தோமே, அதுபோல.

1900-இல் பாரிஸ் பொருட்காட்சிக்குப் போனவர், ஜெர்மன் பொம்மைகளின் நேர்த்தியைக் கண்டார். ஆனால் அவை இங்கிலாந்து ரயில்களைப் போல் இல்லை. நியூரம்பர்க் தயாரிப்பாளரைப் பிடித்து, எங்கள் ஊர் ரயிலைப் போலவே அச்சு அசலாகச் செய்து கொடுங்கள் என்று ஏற்பாடு செய்தார். சரக்கு வெளிநாட்டுத் தயாரிப்பு, உருவம் உள்ளூர். விற்பனை ஏறியது. 1908-இல் லண்டன் ஹை ஹோபர்ன் தெருவில் கடை திறந்தார். ரயில் பிரியர்களுக்கு அந்தக் கடை கோயில் மாதிரி இருந்தது.

1953-இல் அவர் காலமானார். 1960-களில் கடைகள் பீட்டீஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. பீட்டீஸ் பல ஊர்களில் கிளை பரப்பியது. பின்னர் அந்தச் சங்கிலியும் மாடல்சோன் என்ற நிறுவனத்தோடு சேர்ந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கிளைகளோடு இருந்த மாடல்சோன் 2013-இல் வீழ்ந்தது. பெரிய தெருக்களில் அதிக வாடகை, கிளைக்குக் கிளை ஒரே சரக்கு, கம்ப்யூட்டரில் விலை பார்த்து வாங்கும் வாடிக்கையாளர் என்று மூன்று பக்கமும் நெருக்கடி இருந்த காலம் அது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதலில் வந்தவர் தபாலில் விற்றவர்தான். வீட்டிலிருந்தே வாங்கும் பழக்கம் ஆன்லைன்காரர்கள் கண்டுபிடித்தது அன்று. நூறாண்டுக்கு முன் சிறு வியாபாரி ஒருவர் செய்ததை, பிறகு வந்த பெரிய கடைகள் மறந்தன. மற்றவர்கள் அதைப் பிடித்துக் கொண்டார்கள்.

இரும்புக் கடைக்குள் ரயில் கிட்டங்கி

நியூயார்க்கில் 23-ஆவது தெருவில் 1909-இல் தொடங்கிய மேடிசன் ஹார்டுவேர் என்ற இரும்புக் கடையைப் பற்றி அமெரிக்க ரயில் பிரியர்கள் இன்றும் கதை கதையாகப் பேசுவார்கள். ஆணி, தாழ்ப்பாள் விற்ற கடை மெல்ல லயனல் ரயிலின் பக்கம் சாய்ந்தது. கம்பெனி நிறுத்திவிட்ட மாடல்கள், பழைய சக்கரங்கள், சிறு ஸ்க்ரூ, மோட்டார் பிரஷ் என்று வேறெங்கும் கிடைக்காத உதிரி பாகமெல்லாம் அங்கே கிடைக்கும். ரிப்பேரும் உண்டு. பார்வைக்குக் குறுகலான பழைய கடை. உள்ளே கூரை வரை அட்டைப் பெட்டி.

1986-இல் லயனல் கம்பெனியை வாங்கிய ரிச்சர்ட் கூன் என்ற தொழிலதிபர், 1989-இல் இந்தக் கடையையும் சரக்கோடு வாங்கி, எல்லாவற்றையும் டெட்ராய்ட் நகருக்குக் கொண்டு போனார். தயாரிப்பாளரிடமே இல்லாத சரக்கு ஒரு சில்லறைக் கடையில் இருந்தது என்றால், அந்தக் கடையின் மதிப்பு என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

சரக்கை முடக்கி வைக்கலாமா என்று நம் மூத்த வியாபாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கெட்டுப்போகும் சரக்கை வைத்துக் கொண்டு மளிகைக்காரர் இதைச் செய்ய முடியாது. ஆனால் இதன் கருத்து சரக்கைக் குவிப்பது அன்று. 'அங்கே போனால் கிடைக்கும்' என்ற பெயரைச் சம்பாதிப்பது. நம் பகுதி நாட்டு மருந்துக் கடைகள் அதைத்தான் செய்கின்றன. வசம்பு, சித்தரத்தை, கண்டந்திப்பிலி என்று கால் பலம், அரைப் பலமாக வாங்கினாலும், இல்லை என்று சொல்லாத கடைக்குத்தான் பாட்டி பேத்தியை அனுப்புகிறாள். வந்த பேத்தி வெறும் வசம்போடு திரும்புவதில்லை.

ஜப்பானில் தோக்கியோ நகரின் கின்சா கடைவீதியில் உள்ள தென்ஷோடோ இன்னும் விசித்திரமான கடை. 1879-இல் தொடங்கிய இந்நிறுவனம் கைக்கடிகாரத்துக்கும் நகைக்கும் பேர்பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாதிரி ரயிலும் விற்கத் தொடங்கியது. அங்கே செய்த பித்தளை ரயில்களை அமெரிக்கர்கள் தேடி வாங்கினார்கள். கடிகாரம் செய்யும் நுட்பமும் சிறு எஞ்சின் செய்யும் நுட்பமும் பக்கத்துப் பக்கத்து வேலை. கைக்கு வந்த வித்தையை ஒட்டிய புதுச் சரக்கைச் சேர்த்ததால், ஒன்று மந்தமானாலும் மற்றொன்று தாங்கியது.

சப்ளை ஒரே கையில் இருந்தால்

இங்கிலாந்தில் ஹார்ன்பி என்ற பெயரைத் தெரியாத வீடு இல்லை. நட்டும் போல்ட்டும் வைத்துப் பூட்டும் மெக்கானோ பொம்மைக்கு 1901-இல் காப்புரிமை பெற்ற லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி, 1920-இல் சாவி ரயில்களைக் கொண்டு வந்தார். பல கை மாறினாலும் பெயர் நிலைத்தது.

1990-களில் கம்பெனி தன் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றியது. கூலி குறைவு, நேர்த்தி அதிகம், லாபமும் வந்தது. ஆனால் பெரும் பகுதி சரக்கு சாண்டா கான் என்ற ஒரே தொழிற்சாலையை நம்பி இருந்தது. 2008 கடைசியில் நெருக்கடியில் விழுந்த அந்தத் தொழிற்சாலையை ஹாங்காங்கின் கேடர் குழுமம் வாங்கியது. ஹார்ன்பியின் நேர்ப் போட்டியாளரான பாக்மன் ரயில் கம்பெனிக்கும் அதே கேடர்தான் முதலாளி. அடுத்த சில ஆண்டுகள் ஹார்ன்பிக்குச் சரக்கு நேரத்துக்கு வரவில்லை. ஆர்டர் எடுத்துவிட்டுக் கடைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். பிறகுதான் உற்பத்தியைப் பல தொழிற்சாலைகளுக்குப் பிரித்தார்கள். அப்போது அதே குழுமத்தின் ஏர்ஃபிக்ஸ் விமான மாதிரிகள் சில இந்தியாவிலும் தயாராயின.

ஒரே மண்டி, ஒரே ஏஜென்சி என்று இருக்கும் நம் அன்பர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். சப்ளை செய்பவர் நல்லவராகவே இருக்கலாம். நாளை அவர் கடை யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஹாட்டன்ஸ் ஏன் மூடியது

லிவர்பூலில் 1946-இல் சிறு கடையாகத் தொடங்கியது ஹாட்டன்ஸ். பழைய ரயில்களை விலைக்கு வாங்கிச் சீர்செய்து விற்கும் கடை என்றும், பிற்காலத்தில் இணைய விற்பனையில் முன்னோடி என்றும் பெயர் எடுத்தது. ஊரை விட்டு விட்னஸ் என்ற இடத்துக்குப் பெரிய கிட்டங்கியோடு மாறியது. சொந்தமாக ரயில் மாதிரிகளையும் செய்து விற்றது. காலத்தோடு ஓடிய கடை என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட கடையே 2024 ஜனவரியில் மூடப் போவதாக அறிவித்தபோது ரயில் பிரியர்கள் திகைத்துப் போனார்கள்.

அவர்கள் கூறிய காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. செலவு ஏறிவிட்டது. வாடிக்கையாளர்களுக்கு வயதாகி, எண்ணிக்கையும் குறைகிறது. பொருளாதாரம் நிலையாக இல்லை. இவற்றோடு, சரக்குக் கொடுக்கும் கம்பெனிகளே போட்டிக்கு வருகின்றன. தயாரிப்பாளர் தாமே இணையத்தில் நேராக வாடிக்கையாளருக்கு விற்கத் தொடங்கினால், நடுவில் இருக்கும் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும்?

இந்த நோவு நம் வீட்டுத் திண்ணைக்கும் வந்துவிட்டது. 2021 கடைசியில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு, சோப்பும் பற்பசையும் தயாரிக்கும் பெரிய கம்பெனிகளிடம் இதே புகாரைத்தான் எழுப்பியது. விநியோகஸ்தருக்கு ஒரு விலை, பெரிய மொத்த விற்பனை நிறுவனங்களுக்கு அதைவிடக் குறைந்த விலை என்றால் நாங்கள் எப்படிப் பிழைப்பது என்று கேட்டது. சில கம்பெனிகளின் சரக்கை எடுக்க மாட்டோம் என்றும் அறிவித்தது. தனிக் கடைக்காரர் ஒருவர் கேட்டிருந்தால் அந்தக் குரல் கம்பெனி வாசலைக் கூடத் தாண்டியிருக்காது. சங்கமாகக் கேட்டதால் நாடு முழுவதும் செய்தியானது.

ஹாட்டன்ஸ் கதையில் பெரும்பாலான காரணங்களைக் கடைக்காரரால் தடுக்க முடியாது. ஆனால் வாடிக்கையாளருக்கு வயதாகிறது என்பது அப்படியல்ல. தாத்தாவைப் பிடித்து வைத்த கடைகள் பேரனைப் பிடிக்கவில்லை. பேரன் கையில் இருந்தது செல்போன். நம் கடைகளிலும் நோட்டுப் போட்டு வாங்கும் பெரியவர்கள் இன்னும் வருகிறார்கள். அவர்கள் வீட்டு இளைஞர் எங்கே வாங்குகிறார் என்பது நமக்குத் தெரியுமா?

கைமாறிய கடை

வில்லியம் ஹாம்லி என்பவர் 1760-இல் லண்டன் ஹை ஹோபர்னில் பொம்மைக் கடை வைத்தார். 1881-இல் ரீஜென்ட் தெருவில் கிளை வந்தது. ரயில் பொம்மை பார்க்க லண்டன் குழந்தைகள் அடம் பிடித்துப் போகும் கடை அது. 1931-இல் கடன் நெருக்கி மூட வேண்டி வந்தபோது, பொம்மைத் தயாரிப்பாளர் வால்டர் லைன்ஸ் வாங்கிக் காப்பாற்றினார். 2010-இல் மும்பையில் ஹாம்லிஸ் கடை திறந்தது. 2019-இல் ஹாம்லிஸ் நிறுவனத்தையே ரிலையன்ஸ் வாங்கிவிட்டது. வெள்ளைக்காரன் கடையை இந்தியர் வாங்கியது பெருமைதான். ஆனால் பொம்மைக் கடை முதல் மளிகை வரை பெரிய கைகள் எவ்வளவு தூரம் நீண்டிருக்கின்றன என்பதையும் அது காட்டுகிறது.

நம் நாட்டில் மாதிரி ரயிலுக்கு ஆசைப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. புனே நகரில் கோத்ரூட் பகுதியில் 1998-இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு ரயில் காட்சியகம் ஒருவரின் வாழ்நாள் ஆசையால் உருவானது. சென்னை பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்தில் குழந்தைகள் கூட்டத்துக்குக் குறைவில்லை. கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்தில் மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய ரயில் வண்டி இன்றும் விலை போகிறது. ஆசை இருக்கிறது, வெளிநாட்டு மாதிரிகளின் விலைதான் எட்டாக்கனி. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது.

நம் ஊர்ப் பூட்டைப் பாருங்கள்

தனிச் சரக்குக் கடைக்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. திண்டுக்கல் பூட்டு இருக்கிறது. கையால் அறுத்து, அரம் போட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் தனித் தனிச் சாவி செய்யும் பட்டறைகள். மாங்காய்ப் பூட்டு, சாவி திருப்பினால் மணியடிக்கும் பூட்டு என்று எத்தனை வகை. அலிகரிலிருந்து இயந்திரத்தில் செய்த விலை குறைந்த பூட்டு வந்து இறங்கியதும் பட்டறைகள் குறைந்தன. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. வாங்குவோர் வந்தால்தான் கைத்தொழிலுக்குப் பாதுகாப்பு.

கோயில் கதவுக்கும் பழைய பெட்டகத்துக்கும் பூட்டு வேண்டுமென்றால் இன்றும் நம் ஊரைத்தான் தேடி வருகிறார்கள். காரணம் விலை அன்று. தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி போட்டுக் கொடுப்பவர், உள்ளே லீவர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அறிந்தவர் இங்கே இருக்கிறார். மேடிசன் கடையில் ஸ்க்ரூ கிடைத்தது போலத்தான் இதுவும்.

நாம் செய்யக் கூடியவை

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், நம் கடைகளுக்குப் பொருந்தும் செய்திகள் சில தேறுகின்றன.

ஒன்று: எல்லாக் கடையிலும் கிடைப்பதை மட்டும் விற்றால் விலையில் மட்டும்தான் மோத முடியும். விலைப் போரில் சிறியவர் வெல்வது அரிது. ஒவ்வொரு கடைக்கும் 'இது அங்கேதான் நன்றாக இருக்கும்' என்ற ஒரு சரக்காவது இருக்க வேண்டும். சிறுமலை வாழைப்பழமோ, நல்ல மல்லி மிளகாயோ, தாமே பொடித்த சாம்பார்ப் பொடியோ, எதுவானாலும் சரி.

இரண்டு: லிஸ்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சாமானைக் கட்டி வீட்டுக்கு அனுப்புவது இன்று சிறு கடைக்கும் முடியும். பாசெட் லோக் செய்ததுதான் அது. நமக்குத் தெருவும் தெரியும், வீடும் தெரியும். கணக்கும் தெரியும். அவருக்கு அதுகூட இல்லை.

மூன்று: கொள்முதலை இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வையுங்கள். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் அனுபவமுள்ளவர்கள் ஒரே கமிஷன் கடையை மட்டும் நம்புவதில்லை. அதே புத்தி பருப்புக்கும் எண்ணெய்க்கும் வேண்டும்.

நான்கு: வீட்டுப் பிள்ளைகளிடம் பேசுங்கள். கடைக்கு வரும் சிறுவனுக்கு ஒரு மிட்டாய் கொடுப்பது பழைய வழக்கம். அதைச் செலவு என்று நிறுத்திய கடைகள் உண்டு. அந்த மிட்டாய்தான் இருபது வருடத்துக்குப் பிறகு வரும் வாடிக்கையாளருக்கான முன்பணம்.

ஐந்து: தயாரிப்பாளரும் பெரு நிறுவனமும் தரும் நெருக்கடிக்குத் தனி ஆளாக விடை கிடையாது. அங்கே சங்கம் ஒன்றே துணை. கூட்டத்துக்கு வாருங்கள், கணக்கோடு வாருங்கள். எந்தக் கம்பெனி எந்த விலைக்கு யாருக்குக் கொடுக்கிறது என்று பில் இருந்தால்தான் பேச்சில் வலு இருக்கும்.

பொம்மை விற்கும் அன்பர்களுக்கு

ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்போரும், மளிகையோடு பொம்மை தொங்கவிடுவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. முத்திரை இல்லாத சரக்கைச் செய்தவர் மட்டுமல்ல, விற்றவரும் பொறுப்பு. 2023 ஜனவரியில் பெரிய கடைகளிலேயே சோதனை நடத்தி ஆயிரக்கணக்கான பொம்மைகளைப் பறிமுதல் செய்தார்கள். பெரியவர்களுக்கு அது ஒரு நாள் செய்தி. சிறு கடைக்காரருக்கு முதலே போய்விடும். மொத்தக் கடையில் வாங்கும்போதே முத்திரையைப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். விலை மலிவு என்று பில் இல்லாமல் வாங்கும் பொம்மை ரயில் நம்மைத் தண்டவாளத்தை விட்டு இறக்கிவிடும்.

பொம்மை ரயில் கடைகள் பலவற்றுக்கு வாடிக்கையாளரின் அன்பு கடைசி நாள் வரை குறையவில்லை. மூடுகிறோம் என்ற அறிவிப்பைப் பார்த்துத்தான் பலர் ஓடி வந்தார்கள்; வருத்தப்பட்டார்கள்; பழைய கதை பேசினார்கள். அன்பு மட்டும் கல்லாவை நிரப்பாது. மாதா மாதம் வந்து வாங்கினால்தான் கடை நிற்கும். வந்து வாங்குவதற்கு ஒரு காரணத்தை மாதா மாதம் நாம்தான் கொடுக்க வேண்டும். மே 5 வணிகர் தினத்தில் கொடியேற்றுவதோடு, அவரவர் கடையில் அந்தக் காரணம் என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றுமில்லை என்றால், வேலையை இன்றே தொடங்க வேண்டும்.